எண்ணம் புதுப்பிறப்பெடுத்த இல்லம்

ஸ்பெயின் நாடு என்றவுடன் வெயிலில் காய்ந்த சமவெளிகளும் ஒலிவமரத் தோப்புகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் அந்நாட்டின் வடகோடியிலுள்ள பாஸ்க் நிலம் முற்றிலும் வேறான தோற்றம் உடையது. மழை மிகுந்த மண். பசும்புல் போர்த்த குன்றுகள். குன்றுச் சரிவுகளில் மேயும் ஆட்டுமந்தைகள். பள்ளத்தாக்குகளில் எப்பொழுதும் தவழும் மெல்லிய மூடுபனி. அந்நிலத்தில் உரோலா என்னும் சிற்றாறு பாய்கின்ற பள்ளத்தாக்கு ஒன்றில் அஸ்பைத்தியா, அஸ்கோய்த்தியா என இரண்டு சிற்றூர்கள் உள்ளன. அவ்விரண்டிற்கும் நடுவே, இசராய்ட்ஸ் மலையின் அடிவாரத்தில் அமைந்திருப்பதே லொயோலா. சேசு சபையை நிறுவியவரும், நம் புனித சவேரியாரின் ஞானத்தந்தையுமான புனித இஞ்ஞாசியார் 1491-ஆம் ஆண்டு பிறந்த இடம் அது.

திருப்பயணிகள் சிலரோடு நாங்கள் அவ்விடத்தை அடைந்தபோது முதலில் கண்ணில் பட்டது பேராலயத்தின் மாபெரும் குவிமாடம். 65 மீட்டர் உயரமுள்ள அந்தக் குவிமாடம் பள்ளத்தாக்கு முழுவதையும் ஆட்கொண்டு நிற்கிறது. உரோமை நகரின் கட்டடக் கலைஞர் கார்லோ பொந்தானா வரைந்த திட்டத்தின்படி 1689-இல் தொடங்கப்பட்ட அவ்வாலயம், 1738-இல் திறந்து வைக்கப்பட்டது. வட்ட வடிவான உட்கூடமும், பளிங்கு வேலைப்பாடுகளும், பீடத்தின் மேல் ஒளிரும் வெள்ளித் திருவுருவமும் காண்போரை வியப்பில் ஆழ்த்துவன. எனினும் திருப்பயணிகள் இங்கு வருவது அவற்றைக் காண்பதற்கன்று. பேராலயத்தை ஒட்டிய மாளிகையின் நடுவே, முத்தைச் சிப்பி மூடி வைத்திருப்பதுபோல் பாதுகாக்கப்பட்டிருக்கும் ஒரு பழைய வீட்டைக் காண்பதற்கே வருகிறார்கள்.

கீழே கல், மேலே செங்கல்

அவ்வீட்டின் அமைப்பே ஒரு வரலாற்றைச் சொல்லுகிறது. நாற்சதுரமான கோட்டை வீடு அது. கீழ்ப்பகுதி முழுவதும் கருங்கல் போன்ற முரட்டுக் கற்களால் ஆனது. சுவர்களின் கனம் பார்ப்போரை மலைக்க வைக்கிறது. சன்னல்கள் என்று சொல்லத்தக்கவை மிகச் சில. மேற்பகுதியோ அழகிய செங்கல் வேலைப்பாடு கொண்டது. ஒரே வீட்டில் இத்துணை வேறுபாடு ஏன் என்று எங்களோடு வந்திருந்தோர் வினவினர்.

இஞ்ஞாசியாரின் பாட்டனார் காலத்தில் அந்நாட்டு உயர்குடியினர் கட்சி பிரிந்து ஒருவரையொருவர் வெட்டி மடிந்தனர். ஒவ்வொரு வீடும் போர்க்கோட்டையாக இருந்தது. பூசலை அடக்க எண்ணிய அரசர், 1456-ஆம் ஆண்டளவில் அக்கோட்டைகளின் மேற்பகுதிகளை இடித்துத் தள்ளுமாறு ஆணையிட்டு, வீட்டுத் தலைவர்களையும் நாடு கடத்தினார். தண்டனைக் காலம் முடிந்து திரும்பிய பாட்டனார் இடிந்த கல்லின் மேல் செங்கல்லால் வீடு எழுப்பினார். கீழே பகைமைக்காகக் கட்டிய கல்; மேலே குடும்பம் வாழ்வதற்காகக் கட்டிய செங்கல். மனித உள்ளத்தை நினைத்துப் பார்ப்போருக்கு இவ்வீடே ஒரு மறையுரை. பழைய கல்லை முற்றிலும் பெயர்த்தெறிந்துவிட்டு இறைவன் நம்மைக் கட்டுவதில்லை. இருக்கும் அடித்தளத்தின் மேலேயே புதிய அறைகளை எழுப்புகிறார்.

படியேறி மேல்தளத்திற்குச் சென்றோம். இன்று சிற்றாலயமாக விளங்கும் ஓர் அறை அங்கே உள்ளது. தாழ்ந்த கூரை, பழைய மர உத்திரங்கள், ஒரு மூலையில், காயமுற்ற நிலையில் சாய்ந்திருக்கும் இஞ்ஞாசியாரின் மரச்சிற்பம். அவர் கையில் ஒரு நூல் திறந்திருக்கிறது. கண்களோ நூலை விட்டு மேல்நோக்கியிருக்கின்றன. இங்கேதான் அவர் தம்மைக் கடவுளுக்குக் கையளித்தார் என்னும் பொருள்படும் வாசகம் உத்திரத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. உலகெங்கிலுமுள்ள சேசு சபைக் கல்லூரிகளுக்கும், மறைபரப்புத் தளங்களுக்கும், தியான இல்லங்களுக்கும் தொடக்கமாய் அமைந்தது இந்த ஓர் அறையில் ஒரு நோயாளியின் உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றமே.

படுக்கையில் கிடந்த போர்வீரர்

1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பாம்ப்லோனா நகரக் கோட்டையை பிரெஞ்சுப் படை தாக்கியபோது, அதைக் காத்து நின்றவர்களுள் ஒருவராய் இருந்தார் இனிகோ. அதுவே அவருடைய இளமைப் பெயர். வயது முப்பது. பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய வலக்காலை முறித்து இடக்காலையும் காயப்படுத்தியது. பகைவர்களே அவருக்கு முதல் மருத்துவம் செய்து, கட்டிலில் வைத்துச் சுமந்து இவ்வீட்டுக்கு அனுப்பி வைத்தனர். எலும்பு தவறாகக் கூடியிருந்ததால் மீண்டும் முறித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. புனித பேதுரு, பவுல் திருநாளுக்கு முந்திய இரவு அவர் இறந்துவிடுவார் என்றே அனைவரும் எண்ணினர். அவர் பிழைத்தார். ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பொன்று துருத்திக்கொண்டிருந்தது. அரண்மனைப் பாணியில் இறுக்கமான காலணி அணிய முடியாதே என்ற ஒரே கவலையால், அந்த எலும்பையும் அறுத்தெடுக்கச் சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். அத்துணைத் துணிவும் எதற்காக? பிறர் கண்ணுக்கு அழகாய்த் தோன்றுவதற்காக!

உடல் தேறிவந்தது, கால் மட்டும் நிற்க இடந்தரவில்லை. பொழுதைப் போக்க வீரதீரக் காதல் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. வீட்டை ஆண்டுவந்த அண்ணியார் மக்தலேனா பக்தியுள்ள பெண்மணி. வீட்டில் இருந்தவை இரண்டு நூல்களே. ஒன்று, சாக்சனி நாட்டு லுதோல்ப் என்னும் துறவி எழுதிய கிறிஸ்துவின் வரலாறு. மற்றொன்று, புனிதர்களின் வரலாறு. வேறு வழியின்றி இனிகோ அவற்றைப் படிக்கலானார்.

மனமாற்றம் ஒரு மின்னல் வெட்டுப்போல் நிகழ்ந்துவிட்டதாக நாம் கருதிவிடக் கூடாது. நூலை மூடிவைத்தபின் அவருடைய எண்ணங்கள் இரு திசைகளில் ஓடின. ஒருசமயம், தாம் மனத்தில் வரித்திருந்த உயர்குலப் பெண்ணொருத்தியின் பொருட்டு என்னென்ன வீரச் செயல்கள் புரியலாம், எத்தகைய சொற்களால் அவளிடம் பேசலாம் என்று இரண்டு, மூன்று, நான்கு மணி நேரம் தன்னை மறந்து கனவு காண்பார். மற்றொருசமயம், புனித பிரான்சிஸ்கு செய்ததையும் புனித சாமிநாதர் செய்ததையும் நான் ஏன் செய்யலாகாது என்று எண்ணுவார். எருசலேமுக்கு வெறுங்காலோடு நடந்துபோவதாக மனத்தில் காண்பார். எண்ணிக்கொண்டிருக்கும்போது இரண்டும் இனித்தன. களைப்படைந்து எண்ணுவதை விட்டபிறகுதான் வேறுபாடு தெரிந்தது. முதல் எண்ணம் விலகியபின் உள்ளம் வறண்டு, நிறைவின்றிக் கிடந்தது. இரண்டாம் எண்ணம் விலகியபின்னும் மகிழ்ச்சி தங்கியிருந்தது.

இதை அவர் நெடுநாள் கவனிக்கவில்லை. ஒருநாள் கண் சற்றே திறந்தது என்று, முதிய வயதில் தம் சபைத் துறவி ஒருவரிடம் சொல்லி எழுதுவித்த தன்வரலாற்றில் அவரே தெரிவிக்கிறார். 1553 முதல் 1555 வரை அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட அந்நூலில், தம் ஆன்மீக அறிவு அனைத்திற்கும் தொடக்கமாக இந்தச் சிறு கவனிப்பையே குறிப்பிடுகிறார்.

நெல்லிக்கனியின் சுவை

அன்பு வாசகர்களே! நெல்லிக்காயைப் பற்றி நம் முன்னோர் சொல்வதை நீங்கள் அறிவீர்கள். கடிக்கும்போது துவர்க்கும், பிறகு ஒரு வாய் நீர் பருகினால் தொண்டை வரை இனிக்கும். எண்ணங்களின் சுவையும் அத்தகையதே. வாயில் இருக்கும்போது எது இனிக்கிறது என்று பார்த்தால் ஏமாந்து போவோம். போனபின் எது இனிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், இவ்வுலகின் போக்கிற்கு ஒத்துப்போகாமல் மனம் புதுப்பிக்கப்பெற்று உருமாற வேண்டும் என அறிவுறுத்துகிறார். பலரும் இதைக் கேட்டவுடன், தீய எண்ணங்களைப் பலவந்தமாக விரட்டுவதே வழி எனக் கருதுகின்றனர். விரட்டினால் போய்விடுகின்றனவா? "நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே அதையே நினைத்துக்கொண்டிருப்போம். வீடு கூட்டிப் பெருக்கப்பட்டு வெறுமையாய்க் கிடந்தால், வெளியேறிய தீய ஆவி ஏழு துணைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவரும் என்று நம் ஆண்டவர் எச்சரித்திருப்பதையும் நினைவில் கொள்க.

இனிகோ செய்தது வேறு. எண்ணம் எங்கிருந்து வருகிறது, நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பொறுமையோடு கவனித்தார். பின்னர், நல்ல எண்ணத்திற்கு நாள்தோறும் உணவிட்டார். வழவழப்பான தாளில் கிறிஸ்துவின் சொற்களைச் சிவப்பு மையிலும், தேவதாயின் சொற்களை நீல மையிலும் அழகிய கையெழுத்தில் எழுதிவைத்தார். அந்த ஏடு ஏறத்தாழ 300 தாள்கள் வளர்ந்தது. வாள் பிடித்த கை எழுதுகோல் பிடித்தது. மனத்தைப் புதுப்பிக்கும் வேலையில் கைக்கும் பங்கு உண்டு.

மன்ரேசாவின் இருள்

1522-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நொண்டும் காலோடு இனிகோ இவ்வீட்டை விட்டுப் புறப்பட்டார். அவர் சென்ற வழி ஸ்பெயினின் வடபகுதியைக் குறுக்காகக் கடந்து கத்தலோனியா நாடு வரை 600 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. இந்நாளில் அவ்வழியைக் கால்நடையாகவே கடக்கும் திருப்பயணிகள் உண்டு. எங்கள் குழுவில் முதியோர் இருந்தமையால் நாங்கள் பேருந்தில் சென்றோம். பச்சைக் குன்றுகள் மறைந்து, திராட்சைத் தோட்டங்கள் தோன்றி, பின் அவையும் மறைந்து வறண்ட சமவெளி விரிந்தது. ஒருகால் வீங்கிய நிலையில் கோவேறு கழுதை மீது இவ்வெளியைக் கடந்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டோம்.

மொன்செராத் மலை தொலைவிலிருந்து பார்க்க அரம்பத்தின் பற்கள்போல் வானை நோக்கி நிற்கிறது. அதன் பெயரின் பொருளும் அதுவே. அங்குள்ள பெனடிக்டின் துறவு மடம் 2025-இல் தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. கரிய திருமுகத்தோடு அரியணையில் வீற்றிருக்கும் அன்னையின் கையிலுள்ள உருண்டையைத் தொட்டு வணங்க மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். வேளாங்கண்ணியில் வரிசையில் நின்று பழகிய எங்களுக்கு அது அயலிடமாகத் தோன்றவில்லை. இனிகோ இங்கே பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதற்கு மூன்று நாட்கள் ஆயின. மங்களவார்த்தைத் திருநாளுக்கு முந்திய இரவு முழுவதும் அன்னையின் பீடத்தின்முன் விழித்திருந்து செபித்தார். உயர்ந்த ஆடைகளை ஓர் ஏழைக்கு அளித்தார். வாளையும் குறுவாளையும் பீடத்தருகே விட்டுச் சென்றார்.

வாளை விட்டது எளிது. எண்ணங்களை வெல்வது அத்துணை எளிதாயில்லை. அதற்குச் சான்று அடுத்த ஊரான மன்ரேசா. கார்தொனேர் ஆற்றின் கரையில், மேட்டு நிலத்தில் அமைந்த நகரம் அது. சில நாட்கள் தங்க வந்தவர் ஏறத்தாழ பதினொரு மாதங்கள் அங்கே தங்கினார். அவர் செபித்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் பாறைக் குகை இன்று அழகிய சிற்றாலயமாக உள்ளது. எதிரே ஆறு; அப்பால் மொன்செராத் மலையின் பற்கள். ஆனால் இங்கே அவர் அனுபவித்தது அமைதியை மட்டுமன்று.

தொடக்கத்தில் சில மாதங்கள் உள்ளம் ஒரே சீராக மகிழ்ந்தது. பின்னர் இருள் சூழ்ந்தது. அறிக்கையிட்ட பாவங்களையே, சரியாக அறிக்கையிட்டேனா, ஏதேனும் விட்டுப்போயிற்றா என்று மீண்டும் மீண்டும் கிளறினார். மறுபடியும் பாவசங்கீர்த்தனம் செய்தார், அமைதி வரவில்லை. நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டு வேண்டினார், அப்பொழுதும் வரவில்லை. தம் உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் அவரைப் பலமுறை தாக்கியது. ஆண்டவரே, உமக்கு மனவருத்தம் தருவதைச் செய்யமாட்டேன் என்று கதறி அவ்வெண்ணத்தைத் தடுத்தார். புனிதர் ஒருவரின் வாழ்வில் இதுவும் நடந்தது என்பதைத் திருச்சபை மறைத்ததில்லை. அவரே சொல்லி எழுதச் செய்திருக்கிறார்.

அவர் எவ்வாறு மீண்டார் என்பது கவனிக்கத்தக்கது. கடவுள் விடுதலை தரும் வரை உண்பதில்லை எனத் தாமாகத் தொடங்கிய ஒருவார நோன்பை, ஞானத்தந்தை நிறுத்தச் சொன்னவுடன் நிறுத்திக் கீழ்ப்படிந்தார். சஞ்சலம் திரும்பவும் வந்தது. அப்போது லொயோலாவின் நோய்ப்படுக்கையில் கற்ற பாடம் கைகொடுத்தது. பாவங்களைப் பற்றிய இந்த எண்ணம் பக்தியின் உடையில் வருகிறது. ஆயினும் இது தன்னை எங்கே கொண்டுபோய் விடுகிறது? வாழ்க்கையையே வெறுக்கும் இடத்திற்கன்றோ! அவ்வாறாயின் இது நல்ல ஆவியின் செயலாய் இருக்க முடியாது. மன்னிக்கப்பட்ட பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை எனத் தெளிந்து முடிவு செய்தார். அன்றோடு விடுதலை பெற்றார்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. பகற்பொழுதில் பல கண்கள் போன்றவை ஒளிரும் பாம்பு வடிவம் ஒன்று அவர்முன் தோன்றும். அதைக் காணும்போது மிக்க இன்பம். அது மறைந்ததும் மனக்கசப்பு. பின்னர் ஒருநாள் கார்தொனேர் ஆற்றை நோக்கி அமர்ந்திருந்தபோது இறைவன் அவருடைய அறிவைத் திறந்தார். தாம் வேறு மனிதராகி, வேறோர் அறிவைப் பெற்றுவிட்டதுபோல் தோன்றிற்று என்று அவர் கூறுகிறார். மனம் புதுப்பிக்கப்பெறுதல் என்று பவுல் அடிகளார் சொன்னதற்கு இதைவிடத் தெளிந்த உரை ஏது? அவ்வொளியைப் பெற்றபின், அருகிலிருந்த சிலுவையின் முன் சென்று முழந்தாளிட்டபோது அந்தப் பாம்பு வடிவம் மறுபடியும் தோன்றியது. இம்முறை அதன் அழகு மங்கியிருந்தது. அது பசாசின் ஏமாற்று என்று அறிந்துகொண்டார். சிலுவையடியில் நிறுத்திப் பார்த்தால் பல எண்ணங்களின் பளபளப்பு மங்கிவிடும்.

மன்ரேசாவில் தொடங்கிய குறிப்புகளே பின்னர் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்னும் நூலாக வளர்ந்தன. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-ஆம் ஆண்டு அந்நூலுக்கு ஒப்புதல் அளித்தார். நம் பங்குகளில் தவக்காலத்தில் நடைபெறும் ஞானஒடுக்கத்தின் வேர்களில் ஒன்று அக்குகையில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் புதன்கிழமை மறைக்கல்வி உரைகளில் தேர்ந்து தெளிதலைப் பற்றித் தொடராகப் பேசியபோது, இனிகோவின் நோய்ப்படுக்கை நிகழ்ச்சியையே முதல் எடுத்துக்காட்டாக விளக்கினார்.

நம் வீட்டில்

இவையெல்லாம் பெரியவர்களுக்கும் துறவியருக்கும் உரியவை என்று தள்ளிவிட வேண்டா. வீடு மந்திரிக்கச் செல்லும்போது குருக்களாகிய நாம் காண்பது என்ன? ஒரு வீட்டுப் பெரியவரின் கதையை, ஊரையும் பெயரையும் விட்டு, அவர் இசைவோடு இங்கே எழுதுகிறோம். உடன்பிறந்தாரிடையே பாகப்பிரிவினை முடிந்து பத்திரமும் பதிவாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்று தம்பி பலர்முன் சொன்ன ஒரு சொல் மட்டும் அண்ணன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. "படுத்தவுடன் மனத்துக்குள்ளேயே அவனோடு வழக்காடுவேன், சாமி. ஒவ்வொரு நாளும் நான்தான் வெல்வேன். வென்றபிறகு ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காது" என்றார்.

மன்ரேசாவைக் காணாமலே இஞ்ஞாசியாரின் பாடத்தைப் பாதி கற்றுவிட்டார் அந்தப் பெரியவர்! எண்ணும்போது வெற்றி, எண்ணி முடித்தபின் வறட்சி. "அந்தத் தண்ணீர் இறங்காத நேரத்தைக் கவனியுங்கள், அது உங்களுக்கு ஒன்று சொல்லுகிறது" என்று மட்டும் அவரிடம் சொன்னோம். வழக்காடும் அந்த நேரத்தில் தம்பியின் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைக்குமாறும் கேட்டுக்கொண்டோம். அவர் இன்னும் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். கடைக்குட்டியின் பெயர் தெரியாமல், ஞாயிறு திருப்பலி முடிந்து அந்தப் பிள்ளையையே அழைத்துக் கேட்டாராம். இடிந்த கல்லின் மேல் முதல் செங்கல் வைக்கப்பட்டுவிட்டது.

குடும்பங்கள் இஞ்ஞாசியாரிடமிருந்து கற்றுக்கொள்ளத்தக்கவை சில உண்டு. முதலாவது, இரவில் குடும்ப செபமாலை முடிந்தபின் ஐந்து நிமிட ஆன்ம சோதனை. பாவங்களைக் கணக்கெடுப்பதோடு அது நின்றுவிடுவதன்று. அன்றைய நன்மைகளுக்கு நன்றி கூறி, தூய ஆவியாரின் ஒளியைக் கேட்டு, காலை முதல் மாலை வரை உள்ளத்தில் ஓடிய எண்ணங்களைத் திரும்பிப் பார்த்து, தவறியவற்றிற்கு வருந்தி, நாளைய நாளை ஆண்டவர் கையில் வைக்க வேண்டும். எந்த எண்ணம் போனபின் அமைதி தங்கியது, எது போனபின் கசப்பு தங்கியது என்ற ஒரே கேள்வியைச் சிறுவர்களும் விளங்கிக்கொள்வார்கள்.

இரண்டாவது, மனம் இருண்டிருக்கும் வேளையில், தெளிவாய் இருந்தபோது எடுத்த நல்ல முடிவை மாற்றலாகாது. அழுகையோடு எழுதிய கடிதத்தை அன்றே அனுப்ப வேண்டா. கோபத்தோடு எடுத்த கைப்பேசியில் வந்த விரலுக்குச் செய்தி அனுப்ப வேண்டா. பொழுது விடியட்டும்.

மூன்றாவது, மறைத்து வைக்கும் எண்ணமே வலுப்பெறும். இரகசியம் வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சும் வஞ்சகனுக்கு இஞ்ஞாசியார் பசாசை ஒப்பிடுகிறார். ஆகவே ஞானத்தந்தையிடமோ நம்பத்தக்க பெரியவரிடமோ வெளிப்படையாய்ப் பேசிவிட வேண்டும். குறிப்பாக இளையோர்க்கு ஒரு சொல். வாழ்வதே சுமை என்ற எண்ணம் உங்களை அழுத்துமானால் அதைத் தனியே சுமக்காதீர்கள். உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். அத்தகைய எண்ணம் விசுவாசக் குறைவின் அடையாளமன்று. புனிதரையே அது தாக்கியதை மேலே கண்டோம். பல வேளைகளில் அது மருத்துவத்தால் குணமாகும் நோயாகவும் இருக்கும். மருத்துவரிடம் செல்வது செபத்திற்கு மாறானதன்று. பெற்றோரே, பிள்ளை அப்படிச் சொன்னால் அதட்டாமல் அமர்ந்து கேளுங்கள்; காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நான்காவது, உள்ளத்திற்கு உணவு வேண்டும். பிலிப்பியர் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில் உண்மையும் மாண்பும் தூய்மையும் உள்ளவற்றை மனத்தில் இருத்துமாறு புனித பவுல் கேட்கிறார். மனத்தில் இருத்துவதற்கு அவை முதலில் வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா? நற்செய்தியில் ஆண்டவரின் சொற்களைச் சிவப்பு மையில் எழுதிப் பழகுமாறு பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

தமிழுக்கு வந்த நூல்

இஞ்ஞாசியாரின் மனத்தை மாற்றிய நூல்களுள் ஒன்று புனிதர் வரலாறு என்று கண்டோம். 'புளோஸ் சாங்க்தோரும்' என்பது அவ்வகை நூல்களுக்கு அந்நாளில் வழங்கிய பெயர். அப்பெயரிலேயே தமிழிலும் ஒரு நூல் 1586-ஆம் ஆண்டு அச்சேறியது என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி. அதை ஆக்கியவர் முத்துக்குளித்துறையில் பல்லாண்டுகள் உழைத்த சேசு சபைக் குரு அந்திரிக் அடிகளார். சவேரியார் 1542-இல் மறைபரப்பத் தொடங்கிய அதே கடற்கரையில் அவருக்குப்பின் பணியாற்றியவர் இவர். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலும் இவருடையதே. அச்சுப்பொறி நம் நாட்டிற்கு வந்த புதிதிலேயே புனிதர் வரலாற்றைத் தமிழ் மக்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று அந்த முன்னோர்கள் துடித்தார்கள். ஒரு நூல் ஒரு மனிதரின் எண்ணத்தை எப்படித் திருப்பும் என்பதைத் தங்கள் தலைவரின் வாழ்விலேயே கண்டவர்கள் அன்றோ அவர்கள்!

மக்தலேனா அம்மையார் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மறையுரை ஆற்றவில்லை; மைத்துனரைக் கண்டிக்கவும் இல்லை. நல்ல நூல்கள் இரண்டைத் தம் வீட்டில் வைத்திருந்தார். நோயாளி கேட்டபோது எடுத்துக் கொடுத்தார். இன்று நம் வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுத்தால், அல்லது மகனோ மகளோ மனமுடைந்து அறைக்குள் அடைந்து கிடந்தால், அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கும்? கைப்பேசி கட்டாயம் இருக்கும். அதனருகே விவிலியம் ஒன்றும், புனிதர் வரலாறு ஒன்றும் இருக்கட்டும். வரும் ஜூலை 31-ஆம் நாள் புனித இஞ்ஞாசியாரின் திருநாளுக்குள் ஒவ்வொரு கத்தோலிக்க இல்லத்திலும் அதற்கென ஒரு சிறு தட்டு அமைக்கப்பட வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். படுக்கையிலிருப்பவருக்கு எட்டும் உயரத்தில் அதை அமையுங்கள். எஞ்சியதைத் தூய ஆவியார் பார்த்துக்கொள்வார்.